சர்க்கரை சொன்ன சாட்சி

கலியாணமாகி மூன்று வருஷம் சென்றும் ஒரு வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால், விசாரணை எந்தத் திசையில் தொடங்கும் என்பதை நம் நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மருமகளை அரச மரம் சுற்றச் சொல்வார்கள். செவ்வாய் வெள்ளி விரதம் இருக்கச் சொல்வார்கள். பட்டணமாயிருந்தால் லேடி டாக்டரிடம் அழைத்துச் செல்வார்கள். வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்பார்கள். அவளுடைய புருஷனை அவ்விதம் பார்ப்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. வழக்கில் பிரதிவாதி ஒருத்திதான் என்பது முன்கூட்டியே தீர்மானமான சங்கதி. நம்முடைய பாஷையும் இந்த அநீதிக்கு உடந்தையாயிருக்கிறது. 'மலடி' என்னும் கொடிய சொல் நாவில் தாராளமாய்ப் புழங்குகிறது. 'மலடன்' என்ற சொல்லும் அகராதியில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து அது வெளியே வருவதில்லை.

குடும்பத்தார் கூடி வாசிக்கும் பத்திரிகையில் இத்தகைய விஷயத்தைப் பிரஸ்தாபிக்கலாமா என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். குடும்பங்களில் கண்ணீர் வரவழைக்கும் ஒரு விஷயத்தைக் குடும்பப் பத்திரிகையில் பேசாமல் வேறு எங்கே பேசுவது என்பதே நம்முடைய பதில். உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதாவது இந்தக் கவலைக்கு ஆளாகிறார் என்று 2023-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. அத்தகைய தம்பதிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர் விஷயத்தில், காரணம் முழுவதுமாகவோ ஓரளவோ புருஷனைச் சேர்ந்தது என்பது வைத்தியர்களின் பொதுவான அபிப்பிராயம். ஆகவே, வழக்கின் மறுபக்கத்தை ஆராய்வதிலேயே தம் ஆயுளின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒரு பேராசிரியரின் சரித்திரத்தை இந்த வாரம் சொல்லப் புகுகிறோம்.

அவர் பெயர் ததேயுஸ் மான். 1908-ஆம் ஆண்டில் லுவோவ் என்னும் நகரில் பிறந்தார். அவர் பிறந்தபோது அந்நகரம் ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் இருந்தது. அவர் கல்வி பயின்றபோது போலந்து தேசத்தில் இருந்தது. இன்றோ லிவிவ் என்ற பெயருடன் உக்ரைனில் இருக்கிறது. ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது. ராஜ்யங்கள் அதன் மீது மாறி மாறி நடந்து சென்றன. அவ்வூர் ஸர்வகலாசாலையில் மான் வைத்தியம் படித்தார். ஆனால் நோயாளியின் நாடியைக் காட்டிலும், உயிர்ப் பொருள்களின் ரசாயனமே அவர் மனத்தைக் கவர்ந்தது. அங்கே யாக்கூப் பார்னஸ் என்ற பேராசிரியர், தசைகள் சர்க்கரைப் பொருளை எவ்விதம் படிப்படியாய்ச் சிதைத்துச் சக்தியைப் பெறுகின்றன என்பதை ஆராய்ந்து புகழ் பெற்றிருந்தார். இன்றும் அந்த ரசாயனப் பாதைக்கு வழங்கும் பெயரில் பார்னஸின் பெயரும் சேர்ந்திருக்கிறது. மான் அவரிடம் சீடரானார். அதே ஆராய்ச்சிசாலையில் பணி புரிந்த செசீலியா லுட்வாக் என்னும் பெண்மணியை மணந்துகொண்டார்.

1935-ஆம் ஆண்டில் மான் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜுக்கு வந்து, டேவிட் கீலின் என்ற விஞ்ஞானியிடம் சேர்ந்தார். அவ்விருவரும் 1938-ஆம் ஆண்டில் மாட்டின் இரத்தத்திலிருந்து தாமிரம் கலந்த நீல நிறப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அதனால் உடலுக்கு என்ன பயன் என்பது அப்போது ஒருவருக்கும் விளங்கவில்லை. பெயர் வைத்து, அளந்து, எழுதி வைத்தனர். அந்த நீலப் புரதத்தை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பிற்பகுதியில் அது மறுபடியும் தலை காட்டும்.

இதற்குள் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. யுத்த காலத்தில் ஜனங்களுக்குப் பால் வேண்டும்; பாலுக்கு நல்ல ஜாதிப் பசுக்கள் வேண்டும். ஒரு நல்ல பொலிகாளையின் விந்தைக் கொண்டு பல பசுக்களைச் சினைப்படுத்தும் செயற்கைக் கருவூட்டல் முறைக்காக, 1942-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஒரு நிலையம் திறந்தார்கள். வழி கண்டாயிற்று; சரக்குத்தான் நிலைக்கவில்லை. எடுத்து வைத்த விந்தில் உயிரணுக்கள் எவ்வளவு நேரம் பிழைத்திருக்கும், எதை உண்டு பிழைத்திருக்கும், ஏன் மடிகின்றன என்பவற்றையெல்லாம் தெளிவாய்ச் சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. லேவன்ஹூக் என்ற டச்சுக்காரர் பூதக்கண்ணாடியில் விந்தணுக்களைக் கண்டது 1677-ஆம் ஆண்டில். அவற்றை எண்ணும் வித்தையும் பின்னால் ஏற்பட்டுவிட்டது. ஆனால் அவை நீந்தும் திரவத்தின் ரசாயனமோ பெரும்பாலும் இருளில் மூழ்கியிருந்தது. விவசாய ஆராய்ச்சிக் கௌன்ஸில் இந்தப் பொறுப்பை மானிடம் ஒப்படைத்தது. தசையின் சர்க்கரையைப் படித்தவர், காளையின் விந்தைப் படிக்கத் தொடங்கினார்.

விந்தில் ஏதோ ஒரு சர்க்கரை இருக்கிறது என்பது முன்பே தெரிந்த செய்தி. இரத்தத்தில் இருப்பது குளுக்கோஸ் ஆகையால் இதுவும் குளுக்கோஸாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். மான் அந்த எண்ணத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், சர்க்கரையைப் பிரித்தெடுத்துச் சோதித்தார். அது குளுக்கோஸ் அன்று; தேனிலும் பழங்களிலும் இனிக்கும் ஃபிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை என்பதை 1946-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் சுமார் 100 மில்லிகிராம். காளையின் விந்தில் பழச்சர்க்கரை அதைப் போல் பல மடங்கு இருக்கிறது. தசையானது சர்க்கரையைச் சிதைத்து லாக்டிக் அமிலமாக்குவது போலவே, விந்தணுவும் இந்தப் பழச்சர்க்கரையைச் சிதைத்துப் பிராணவாயு இல்லாத இடத்திலும் நீந்துவதற்கு வேண்டிய சக்தியைப் பெறுகிறது. குருநாதர் தசையில் கண்ட பாதையைச் சீடர் உயிரின் வித்திலேயே கண்டார். சீடர் கேம்பிரிட்ஜில் இருந்ததால் தப்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். குருநாதர் பார்னஸ் 1949-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் கைது செய்யப்பட்டுச் சிறையிலேயே மாண்டார்.

அடுத்த கேள்வி, இந்தச் சர்க்கரை எங்கே உற்பத்தியாகிறது என்பது. விடை பலருக்கு வியப்பளிக்கக்கூடியது. விந்து என்று நாம் மொத்தமாய்ச் சொல்லும் திரவத்தில் விதைகளிலிருந்து வருவது நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் இராது. மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் விந்துப் பைகள் என்னும் இரு சுரப்பிகளிலிருந்து வருகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியினுடையது. பழச்சர்க்கரை பிறப்பது விந்துப் பைகளில். ஆகவே ஒருவருடைய விந்தில் ஓர் அணுவேனும் இல்லாமற் போனாலும், கண்ணுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியாது. நிறத்தையும் அளவையும் பார்த்து, "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று முடிவு கட்டுவது, வண்டியின் வர்ணத்தைப் பார்த்து உள்ளே பிரயாணிகள் இருக்கிறார்கள் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

மான் இன்னும் ஒரு படி மேலே சென்றார். விதைகள் நீக்கப்பட்ட பிராணிகளின் விந்துப் பைகளில் பழச்சர்க்கரை சில நாட்களில் மறைந்துபோவதையும், ஆண் ஹார்மோனாகிய டெஸ்டாஸ்டிரோனைச் செலுத்தினால் அது மறுபடியும் ஊறுவதையும் 1947-ஆம் ஆண்டில் தம் சகாக்களுடன் காட்டினார். இளங்கன்றுகளை ஆராய்ந்தபோது, விந்தணுக்கள் தோன்றுவதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே பழச்சர்க்கரை தோன்றிவிடுவதைக் கண்டார். ஒரே கருவில் பிறந்த இரட்டைக் காளைக் கன்றுகளில் ஒன்றுக்கு வயிறார உணவும் மற்றொன்றுக்கு அரை வயிற்று உணவும் கொடுத்து வளர்த்துப் பார்த்ததில், பட்டினிக் கன்றின் ஹார்மோன் பிந்தியே வேலை செய்யத் தொடங்கியது என்பதை 1957-ஆம் ஆண்டில் எழுதினார்.

இந்தச் சோதனைகளின் உட்பொருளை நம் வீடுகளுக்கு உரிய பாஷையில் சொல்லிப் பார்ப்போம். தமிழில் 'ஆண்மை' என்ற ஒரே சொல்லுக்குள் வீரம், உடல் வலிமை, தாம்பத்திய சக்தி, சந்தானம் உண்டாக்கும் சக்தி எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறோம். மீசை அடர்த்தியாயிருந்தால் ஆண்மை. குரல் கம்பீரமாயிருந்தால் ஆண்மை. குழந்தை பிறந்தால் ஆண்மை. விஞ்ஞானமோ இவற்றைத் தனித்தனிக் கணக்கில் எழுதுகிறது. மீசைக்கும் குரலுக்கும் பழச்சர்க்கரைக்கும் காரணமான ஹார்மோனை விதைகளில் ஒரு வகை அணுக்கள் சுரக்கின்றன. விந்தணுக்கள் உற்பத்தியாவதோ அதே விதைகளிலுள்ள மெல்லிய குழல்களில். முதலாவது செவ்வனே நடந்துகொண்டிருக்கையில் இரண்டாவது அடியோடு நின்று போயிருக்கலாம். கட்டுமஸ்தான தேகமும் கம்பீரமான நடையும் கொண்ட ஒருவருக்குச் சந்தான சக்தி இல்லாமலிருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, அவமானமும் இல்லை. காது கேளாமை எப்படி அவமானம் அன்றோ, அப்படியே இதுவும்.

காளைக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி வெகு சீக்கிரத்தில் மனிதனுக்கும் உதவிற்று. விந்தணு ஒன்றுமே இல்லாத ஒருவர் வைத்தியரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தியே இல்லையா, உற்பத்தியாகியும் வழி அடைபட்டிருக்கிறதா? இந்த இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. ரிஸார்ஸினால் என்ற ரசாயனப் பொருளை அமிலத்தில் கரைத்து, விந்துடன் சேர்த்துக் காய்ச்சுவார்கள். பழச்சர்க்கரை இருந்தால் திரவம் சிவக்கும். சிவக்கவில்லையென்றால், விந்துப் பைகளின் திரவம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். கடைவாயில் பாதை அடைபட்டிருக்கலாம். அல்லது பிறவியிலேயே பைகளும் குழாய்களும் அமையாமலிருக்கலாம். சிவந்தாலோ, குறை விதைகளில் இருக்கிறதா, அதற்கு மேலுள்ள நுண்குழாய்களில் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையால் மேலும் தேட வேண்டும். வாய் திறக்காத வழக்கில் சர்க்கரை வந்து சாட்சி சொல்லிற்று.

இந்தச் சாட்சியத்துக்கு முன்னைவிட இன்று மதிப்பு அதிகம். வழி அடைபட்டவர்களுடைய விதைகளில் அணுக்கள் பெரும்பாலும் நன்றாகவே உற்பத்தியாகிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு விந்தணுவை எடுத்துக் கருமுட்டைக்குள் மெல்லிய ஊசியால் செலுத்தும் முறை பிரஸ்ஸல்ஸ் நகரில் வெற்றி பெற்று 1992-ஆம் ஆண்டில் உலகுக்குத் தெரிய வந்தது. அது முதல், ஒரு காலத்தில் 'பாக்கியம் இல்லை' என்று கைவிடப்பட்ட எத்தனையோ ஆண்கள் தகப்பன்மார்களாகியிருக்கிறார்கள்.

மானின் முதல் பெரிய நூல், விந்தின் உயிர் ரசாயனத்தைப் பற்றியது, 1954-ஆம் ஆண்டில் வெளிவந்தது. விரிவான இரண்டாம் பதிப்பு 1964-இல் வந்தது. இவற்றுக்கு முன்பே, 1951-இல், ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராய்த் தேர்ந்தெடுத்திருந்தது. 1967 முதல் 1976 வரையில் அவர் கேம்பிரிட்ஜில் இனப்பெருக்க உடலியல் பேராசிரியராய் விளங்கினார். அவருடைய ஆராய்ச்சியால் பிற துறைகளுக்கும் லாபம் உண்டாயிற்று. குளுக்கோஸை விந்துப் பைகள் எவ்வாறு பழச்சர்க்கரையாய் மாற்றுகின்றன என்பதை ஹெர்ஸ் என்னும் பெல்ஜிய விஞ்ஞானி 1956-இல் கண்டறிந்தார். நீரிழிவுக்காரர்களின் நரம்பும் கண்ணும் கெடுவதைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்று அந்த ரசாயனப் பாதையையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, நீலப் புரதத்துக்கு வருவோம். அதைக் கண்டெடுத்து 31 ஆண்டுகள் சென்ற பின், 1969-இல், மக்கார்ட், ஃபிரிடோவிச் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் அதன் தொழிலைக் கண்டறிந்தார்கள். பிராணவாயுவிலிருந்து பிறக்கும் ஒரு கொடிய துணுக்கை அழித்து உயிரணுக்களைக் காப்பதே அதன் தொழில். பிராணவாயு மிகுந்த இடத்தில் மனித விந்தணு சோர்ந்துவிடுகிறது என்பதை மக்ளவுட் என்பவர் 1943-இலேயே காட்டியிருந்தார். 1979-ஆம் ஆண்டில், பேராசிரியர் பதவியினின்று ஓய்வு பெற்றுவிட்ட மானும் அவருடைய சகாக்களும், விந்தணுவின் மேலுறையிலுள்ள கொழுப்பு பிராணவாயுவினால் கெட்டு, அதன் நீந்தும் சக்தி அழிவதை மனித விந்தில் எடுத்துக் காட்டினார்கள். வாலிபத்தில் பெயர் மட்டும் வைத்துவிட்டு வந்த புரதம், முதுமையில் தாம் கேட்ட கேள்விக்கே காவலாய் நிற்பதை அவர் கண்டார். உடனடிப் பயன் தெரியாத ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதைக் காட்டிலும் நல்ல பதில் நமக்குத் தெரியவில்லை. புகை பிடித்தல் விந்தணுக்களைக் கெடுப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் இந்தப் பிராணவாயுக் கேடும் ஒன்று.

அவருடைய மனைவியாரைப் பற்றிச் சொல்லாமற் போனால் நாமும் ஒருதலை வழக்காடியவர்களாவோம். செசீலியா லுட்வாக்-மான் தாமே சிறந்த விஞ்ஞானி. கணவர் விந்தை ஆராய்ந்த அதே காலத்தில் அவர் கருப்பையையும், அதில் வந்து பதியும் இளங்கருவையும் ஆராய்ந்தார். தாய்மார் கர்ப்ப காலத்தில் உண்ட தாலிடோமைடு என்ற மருந்தினால் குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்த கொடுமை 1961-இல் உலகுக்குத் தெரிந்தபோது, தகப்பன் உண்டால் என்னவாகும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர்களில் அவர் ஒருவர். ஆண் முயல்களுக்குக் கொடுத்த அம்மருந்து அவற்றின் விந்தில் வந்து கலந்திருப்பதை 1967-இல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். தகப்பன் உண்பதும் குடிப்பதும் குழந்தையைப் பற்றிய விஷயமே என்பதை அந்த அம்மையார் நினைவூட்டினார்.

இவ்வளவும் இருக்க, நம் ஊர் நிலைமை என்ன? பத்திரிகைகளில் 'தாது புஷ்டி' விளம்பரங்கள் வந்துகொண்டிருந்த காலம் போய், இப்போது அவை கைபேசியில் வருகின்றன. லேகியத்தின் இடத்தில் ஊசியும் வந்திருக்கிறது. தேகப் பயிற்சிக் கூடங்களில் உடலை முறுக்கேற்றுவதற்காக வாலிபர்கள் சிலர் டெஸ்டாஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். அவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் உத்தரவை நிறுத்திக்கொள்ளும். விதைகள் விந்தணுக்களை உற்பத்தி செய்வதும் ஓயும். வாரந்தோறும் இந்த ஊசி போட்டுக்கொண்ட ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு அடியோடு மறைந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1990-இல் வெளியிட்டது. அந்தச் சோதனை எதற்காகத் தெரியுமா? குடும்பக் கட்டுப்பாட்டுக்காக! ஆண்மையை வளர்க்க என்று விலை கொடுத்து வாங்குவது, தகப்பனாவதைத் தடுக்கும் மருந்தாய் முடிகிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்பும். ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகும்.

பரிசோதனையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இரண்டு முதல் ஏழு நாள் வரை விலகியிருந்து, விந்தைப் பரிசோதனைச் சாலையில் கொடுத்தால் போதும். வலி இல்லை, கத்தி இல்லை. ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள் என்பதை உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கீழ் எல்லையாய்க் குறிக்கிறது. அதற்குக் குறைந்தால் குழந்தை பிறவாது என்று அர்த்தமல்ல. மிகுந்தால் பிறந்தே தீரும் என்றும் அர்த்தமல்ல. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் செல்கிறது. ஆகையால் இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடுங்காய்ச்சல் இன்றைய கணக்கைக் குறைத்துக் காட்டக்கூடும். முதற் பரிசோதனையில் குறை தெரிந்தால், சில வாரம் பொறுத்து மறுபடியும் பார்க்க வேண்டும். ஆனால் பெண்ணுக்கு உரிய பரிசோதனைகள் பல நாள் நீடிப்பவை. சில வலியும் தருபவை. எளியதை விட்டுவிட்டு, கடினமானதை மட்டும் அவள் தலையில் சுமத்துவது எந்த நியாயம்?

சோதனைக்கு வர மறுக்கும் புருஷர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களில் பலர் பயந்தவர்கள். அந்தத் துண்டுக் காகிதத்தில் தங்கள் மானமே எழுதப்பட்டிருப்பதாய் அவர்கள் நினைக்கிறார்கள். அப்படி நினைக்கக் கற்றுக் கொடுத்தது நாம்தான். அதில் எழுதப்படுவது சில எண்களும் ஒரு சர்க்கரையின் பெயருமே என்பதைச் சொல்லித் தர வேண்டிய கடமையும் நம்முடையதே. மாமியார்மார்கள் இதில் செய்யக்கூடிய உபகாரம் பெரிது. "நீயும் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வா, அப்பா" என்று மகனிடம் அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு, பத்து வைத்தியர்கள் சொல்வதைவிட அதிக சக்தி உண்டு.

மான் 1993-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் காலமானார். ஆண்களின் இனப்பெருக்கத் தொழிலைப் பற்றிய அவருடைய கடைசிப் பெருநூல் 1981-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் முகப்பில் கணவர் பெயரும் மனைவி பெயரும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன. குழந்தைக்காக ஏங்கும் நம் தம்பதிகள் வைத்தியரிடம் செல்லும் முதல் நாளன்றே, அவர் எழுதும் சீட்டிலும் இருவர் பெயரும் அவ்விதமே எழுதப்படட்டும்.